கண்டக்டர் ஜோசியர் வீட்டில் காணாமல் போனது

எரியோடு டவுன் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆண்டிச்சாமிக்கு, ஊரில் யார் எதைத் தொலைத்தாலும் உள்ளூர ஒரு சந்தோஷம். இதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பக்கத்து வீட்டில் கரண்டியைக் காணோம் என்று சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் காம்பவுண்டுச் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "ஒரு நம்பர் சொல்லுங்க" என்பார். ஒன்றிலிருந்து நூற்றெட்டுக்குள் ஏதாவது ஒரு எண். அதைச் சொல்லிவிட்டால் அந்தக் கரண்டியின் தலையெழுத்து அவர் கைக்கு வந்துவிடும்.

கணக்கு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஒரு ராசிக்கு ஒன்பது எண். சொன்ன எண் எந்த ராசியில் விழுகிறதோ, அதுதான் அந்தக் கேள்விக்கு லக்னம். நெருப்பு ராசி என்றால் அடுப்படிப் பக்கம் தேட வேண்டும். நீர் ராசி என்றால் தண்ணீர் புழங்கும் இடம், மண் ராசி என்றால் தானியம் இருக்கும் இடம், காற்று ராசி என்றால் பரணோ அலமாரி உச்சியோ. சர ராசி வந்தால் பொருள் வீட்டைத் தாண்டிவிட்டது. ஸ்திர ராசி வந்தால் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எடுத்ததும் வீட்டு ஆள்தான்.

அதோடு, தொலைந்த நாளின் நட்சத்திரத்தையும் பார்ப்பார். ரோகிணி, அவிட்டம் மாதிரி சில நட்சத்திரங்களுக்குக் கண் கிடையாதாம். அன்றைக்குத் தொலைந்த பொருள் வழி தெரியாமல் தடவித் தடவிச் சீக்கிரமே வீடு வந்து சேர்ந்துவிடும். திருவோணம், சுவாதி மாதிரி சில நட்சத்திரங்களுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தொலைந்தது வழி பார்த்து நடையைக் கட்டிவிடும். பொருளும் வராது, தகவலும் வராது. திருவோணத்தன்று தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம் ஆண்டிச்சாமி, துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசுவார்.

இந்த வித்தை அவருக்கு வந்து சேர்ந்ததே ஒரு தொலைந்த பொருளால்தான். டவுன் பஸ்ஸில் மனிதர்கள் எதைத்தான் விட்டுவிட்டுப் போகவில்லை! ஒற்றைச் செருப்பு, தூக்குச்சட்டி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, ஒருமுறை பல்செட்டு, இன்னொரு முறை காலைக் கட்டிய சேவல். ஒருநாள் கடைசி சீட்டில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு துணிப்பை கிடந்தது. உள்ளே இரண்டு பழைய பஞ்சாங்கம், அட்டை கிழிந்த ஒரு பிரசன்ன சாஸ்திரப் புத்தகம். மூன்று நாள் பஸ்ஸில் கூவிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. டிப்போவில் ஒரு வருஷம் கிடந்து தூசி தின்றது. கடைசியில் அங்கிருந்த கிளார்க், "நீயே கொண்டுபோய்யா, இடத்த அடைக்குது" என்று கொடுத்துவிட்டார். தொலைந்த பொருளைக் கண்டுபிடிக்கிற புத்தகத்தையே ஒருவர் தொலைத்திருக்கிறாரே என்று ஆண்டிச்சாமி ஒருநாளும் யோசித்ததில்லை. பக்தி அப்படி.

எரியோட்டில் பஸ் திரும்புவதற்கு இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது இருபது நிமிஷமாகப் படித்தே புத்தகத்தை முடித்தார். முதல் சோதனை டிரைவர் வீரப்பன் மேல் நடந்தது. வீரப்பனின் கண்ணாடியைக் காணோம். நம்பர் கேட்டார், மிதுனம் விழுந்தது, காற்று ராசி. "உசரமான எடத்துல இருக்கும்ணே" என்றார். டிரைவர் சீட்டுக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. அன்றிலிருந்து அந்த ரூட்டில் அவர் கண்டக்டர் ஜோசியர் ஆகிவிட்டார்.

ஓய்வு பெற்றபின் திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் இருக்கும் தன் வீட்டின் முன்னறையிலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி, வந்தவர்களுக்கு ஒரு சிவப்பு. கையில் சிலேட்டு, காதில் பென்சில். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. "அடுத்து யாரு, உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீங்க" என்று அவர் கூப்பிட்டால் தெருமுனை டீக்கடைக்காரர் வரை திரும்பிப் பார்ப்பார்கள்.

கணக்குப் போடுகிற நேரத்தில் சும்மா இருக்க மாட்டார். கடைசியாக எதற்கு எடுத்தீர்கள், எந்தக் கையில் இருந்தது, அப்போது யார் கூப்பிட்டார்கள் என்று டிக்கெட் பரிசோதகர் மாதிரி துருவுவார். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியிலேயே ஞாபகம் வந்து எழுந்து ஓடிவிடுவார்கள். பேகம்பூர் காதர் பீவி பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நூற்றிரண்டு என்றார். மீனம், தண்ணீர். "எங்க வீட்ல கெணறும் இல்ல, தொட்டியும் இல்லயே" என்று அவர் சொல்லச் சொல்ல, "துணி தொவைக்கிற மிசின் இருக்குல்ல?" என்றார் ஆண்டிச்சாமி. சாவி மெஷினுக்குள் பளபளவென்று குளித்து முடித்துக் கிடந்தது. அன்றிலிருந்து காதர் பீவிக்கு, ஒன்றும் தொலையாவிட்டாலும் வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம், பொருள் திருட்டுப் போனபோதுதான் தெரியும். ஸ்திர ராசி வந்தால், அதாவது எடுத்தது வீட்டு ஆள் என்றால், ஆண்டிச்சாமி யார் என்று சொல்லவே மாட்டார். இது பஸ்ஸில் பழகிய வழக்கம். பஸ்ஸில் பர்ஸ் காணாமல் போனால் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடமாட்டார். கோயில் வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி, கண்ண மூடி ஒரு கும்பிடு போடுங்க" என்பார். கும்பிட்டு முடித்துப் பார்த்தால் பர்ஸ் சீட்டுக்கடியில் கிடக்கும். யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது.

சின்னாளபட்டியில் ஒரு தறிக்காரர் வீட்டிலும் அதைத்தான் செய்தார். மாமியாரின் செயினைக் காணோம். பழி, புது மருமகள் வினிதா மேல் விழுந்துவிட்டது. அந்தப் பெண் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. ஆண்டிச்சாமி நடுவீட்டில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். "பொருள் வெளிய போகல. நாளைக்கிக் காலைல பத்து மணிக்குள்ள அரிசிப் பானைக்கு வந்துரும். பொழுது விடிஞ்சதும் வீட்டத் தொறந்து போட்டுட்டு, அதுவரைக்கும் ஆளாளுக்கு வெளிய போயிருங்க. ஒருத்தர ஒருத்தர் பாக்கப்படாது." மறுநாள் செயின் அரிசிக்குள் இருந்தது. மாமியாரின் செல்ல மகனான கொழுந்தன் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று வினிதா பிறகு சொன்னாள். "நான் கேக்கலயேத்தா" என்று அவள் வாயை அடைத்துவிட்டார் ஆண்டிச்சாமி. எடுத்தவனும் அதே வீட்டில்தானே சோறு தின்றாக வேண்டும் என்பது அவர் கட்சி.

இவ்வளவு நியாயஸ்தர்தான், போன மாசம் ஒரு திங்கட்கிழமை, தன் பெண்டாட்டி அய்யம்மாளின் பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைத்தார்.

சங்கதி இதுதான். அவர்களுக்கு ஒரே மகள், பவித்ரா. சிங்கப்பூரில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்கு, பேத்தி பிறந்தபோது, தாய் வீட்டுக்கு வந்தாள். இந்த முறை வர முடியாது, அம்மா நீ வா என்றாள். அய்யம்மாள் ஒரே மூச்சில் சரியென்றாள். மதுரைக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்தாள், பவித்ரா டிக்கெட் போட்டாள். அடுத்த திங்கட்கிழமை திருச்சியில் விமானம். மூன்று மாசம். நீங்களும் வாங்கப்பா என்று மகள் எவ்வளவோ கூப்பிட்டும், என் ஜாதகத்தில் கடல் தாண்டும் யோகம் இல்லை என்று ஆண்டிச்சாமி கம்பீரமாகச் சொல்லிவிட்டார். விமானத்தில் ஏற அவருக்குப் பயம் என்பது அய்யம்மாளுக்குத் தெரியும்.

ஜம்பமாகச் சொல்லிவிட்டாரே தவிர, நாள் நெருங்க நெருங்க மனிதர் நிலைகொள்ளவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் அய்யம்மாள் அவரை விட்டு நாலு நாளுக்கு மேல் எங்கும் போனதில்லை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவளை எந்த முகத்தோடு தடுப்பது? ஒரு விமானம் தவறினால் போதும், கொஞ்ச நாள் தள்ளிப்போகுமே என்று மனசு கணக்குப் போட்டது. அன்று பார்த்துத் திருவோணம். இன்றைக்குத் தொலைந்தது எவர் கைக்கும் சிக்காது என்று நட்சத்திரம் பார்த்துத் திருடிய திருடன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அலமாரி மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்த பழைய பஞ்சாங்கங்களில் ஒன்றை உருவி, அதற்குள் பாஸ்போர்ட்டைச் செருகி, மறுபடி கட்டி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பவித்ரா, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அய்யம்மாள் பீரோவைத் திறந்தாள். புடவை ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"என்னங்க, பாஸ்போர்ட்டக் காணோம்" என்றாள்.

"நல்லாத் தேடிப் பாரு. எங்க போயிரப் போகுது" என்றார் ஆண்டிச்சாமி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அய்யம்மாள் செத்த நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தேடப் போய்விட்டாள். மத்தியானம் வரை தேடினாள். அப்புறம் சாதம் வடித்து, வெஞ்சனம் வைத்து, ஒன்றும் பேசாமல் பரிமாறினாள். புதன்கிழமையும் பேசவில்லை. அவள் அழுதிருந்தால்கூட ஆண்டிச்சாமி அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருப்பார். பேசாமல் இருந்தது அவருக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

வியாழக்கிழமை காலையில் முன்னறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆட்டைத் தொலைத்துவிட்டு வந்த ஸ்தனிஸ்லாஸ் சிவப்பு நாற்காலியிலிருந்து எழுந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். காதர் பீவி வழக்கம்போல வேடிக்கை பார்க்க வந்திருந்தார். "அடுத்து யாரு" என்று குரல் கொடுத்த ஆண்டிச்சாமிக்கு முன்னால், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தது அய்யம்மாள்.

"என்ன இது?" என்றார் அவர் மெதுவாக.

"ஊருக்கெல்லாம் பாக்குறீங்க. எனக்கும் பாருங்க. பாஸ்போர்ட்டக் காணோம். நம்பர் பதினாலு."

பென்சில் காதிலிருந்து கீழே விழுந்தது. பதினாலு என்றால் ரிஷபம். ஸ்திர ராசி. அடுப்படியில் நின்று இத்தனை வருஷம் காதை இந்தப் பக்கமே வைத்திருந்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

"சொல்லுங்க கண்டக்டரே, வீட்லதான் இருக்கா?" என்றார் காதர் பீவி ஆவலாக.

"வீட்லதான் இருக்கு" என்றார் ஆண்டிச்சாமி. பொய்க் கணக்குச் சொல்ல மட்டும் அவருக்கு வராது.

"எடுத்தது யாரு, வீட்டு ஆளா?"

"ஸ்திர ராசி... வீட்டு ஆளுதான்."

"வீட்ல நீங்க ரெண்டே பேருதான இருக்கீங்க?" என்று ஸ்தனிஸ்லாஸ் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

ஆண்டிச்சாமி குனிந்து பென்சிலை எடுத்தார். "எலியும் வீட்டு ஆளுதான்."

"எலிக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்டு? அது எந்த ஊருக்குப் போகப் போகுது?" என்று காதர் பீவி கேட்க, ஸ்தனிஸ்லாஸ் ஆட்டையே மறந்து சிரித்தார். அய்யம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, தெருவைப் பார்த்து, தன் புருஷனின் அதே கண்டக்டர் குரலில் அறிவித்தாள்.

"நாளைக்கி வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி அரிசிப் பானைக்கு வந்துரணும். நான் காலைல எட்டு மணிக்கே வீட்டத் தொறந்து போட்டுட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போறேன். யாரும் யாரையும் பாக்கமாட்டாக."

ஆண்டிச்சாமி சிலேட்டைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட, அப்பாடா என்றும் இருந்தது. நாளைக்கு வைத்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தான் கண்டுபிடித்த வழி எவ்வளவு நல்ல வழி என்று அன்றைக்குத்தான் அவருக்கே முழுசாகப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அய்யம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். எட்டு ஐந்துக்கு ஆண்டிச்சாமி ஸ்டூல் மேல் ஏறினார். கயிற்றை அவிழ்த்து அந்தப் பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

உதறினார். அடுத்த வருஷத்தை உதறினார். அதற்கு அடுத்ததை. அறுபது வருஷத்துச் சுழற்சியில் பாதியைத் தரையில் கொட்டியும் பாஸ்போர்ட் விழவில்லை. எலி என்று சொன்ன வாய் பலித்துவிட்டதா என்று அலமாரிக்குப் பின்னால் பேட்டரி லைட் அடித்துப் பார்த்தார். பீரோ, பரண், பருப்பு டப்பா, மெத்தைக்கடி எல்லாவற்றையும் கவிழ்த்தார். ஒன்பதரை ஆனது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கணக்குப் போடலாம் என்றால், தனக்குத்தானே பிரசன்னம் பார்க்கக் கூடாது என்பது சாஸ்திரம். அதையும் மீறி மனசுக்குள் ஒரு எண்ணை நினைக்கப் போனால், அதற்கு முன்னால் திருவோணம் வந்து நின்றது. பொருளும் வராது, தகவலும் வராது. அதற்காகத்தானே நாள் பார்த்து எடுத்தார்!

சும்மா கொஞ்ச நாள் தள்ளிப்போகட்டும் என்றுதான் நினைத்தார். இப்போது உண்மையிலேயே போச்சு. திங்கட்கிழமை விமானம். அம்மா வருவாள் என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு அங்கே ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. வீடெல்லாம் கொட்டிக் கிடந்ததில் உட்கார வேறு இடம் இல்லாமல் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அய்யம்மாள் பத்தே காலுக்கு வந்தாள். தரையில் கிடந்த பஞ்சாங்கங்களைத் தாண்டித் தாண்டி வந்து, கூடையைக் கீழே வைத்துவிட்டு, நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். சிலேட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு நம்பர் சொல்லுங்க."

"அய்யம்மா..."

"நம்பரு."

"பதினாலு" என்றார் அவர்.

"என்ன பொருளு?"

"பாஸ்போர்ட்டு."

"கடைசியா யாரு கையில இருந்துச்சு?"

ஆண்டிச்சாமி தரையைப் பார்த்தார். "என் கையில."

"எதுக்கு எடுத்தீங்க?"

"அந்தக் கேள்விய நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் கேட்டதில்ல."

"நான் கேப்பேன்" என்றாள் அய்யம்மாள். "ஊரான் ஊரான் வீட்டுல கேக்காம விடலாம். எம் புருசன் எதுக்கு எடுத்தாருன்னு எனக்குத் தெரியணும்ல."

வெளியே ஏதோ ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"பயமா இருக்கு அய்யம்மா" என்றார். "ஊர்ல இருக்குற அம்புட்டுப் பொருளும் எங்க இருக்குன்னு சொல்றேன். என் வீட்ல உப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீ இல்லாம மூணு மாசம் எப்படி இருக்கப் போறேன்னு தெரியல. போகாதன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் எடுத்துட்டேன். இப்ப நெசமாவே தொலைச்சுட்டேன்."

அய்யம்மாள் கூடைக்குள் கையை விட்டாள். வேப்பிலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் அடியிலிருந்து பாஸ்போர்ட் வந்தது. அட்டையில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"செவ்வாக்கெழமையே எடுத்துட்டேன். பக்கத்து வீட்டுக் கரண்டிக்கு நம்பர் கேக்குற மனுசன், பெண்டாட்டி பாஸ்போர்ட்டுக்குக் கேக்கல. அதுலயே தெரிஞ்சு போச்சு. அம்புட்டுப் பஞ்சாங்கத்துல நம்ம கல்யாண வருசத்துது மட்டும் தூசி இல்லாம இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு நேத்து அந்த நாடகம்?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு நாளு பாத்தேன். சொல்லல" என்றாள். "போகாதன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தாலும் நான் போகத்தான் போவேன். ஆனாலும் சொல்லிருக்கலாம்ல?"

ஆண்டிச்சாமி பாஸ்போர்ட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திடீரென்று நிமிர்ந்து விரல் விட்டு எண்ணினார். "செவ்வாக்கெழம அவிட்டம்! எங்கிட்டருந்து தொலைஞ்சது அவிட்டத்துல. கண்ணில்லாத நட்சத்திரம், அதான் தடவிக்கிட்டே வந்துருச்சு. சாஸ்திரம் பொய்யாகல பாத்தியா?"

"மொதல்ல இந்தக் குப்பைய அள்ளுங்க" என்றாள் அய்யம்மாள்.

திங்கட்கிழமை திருச்சியில் அவளை விமானம் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிங்கப்பூருக்குப் போன் போட்டார். பின்னால் பேத்தியின் சத்தமும் பவித்ராவின் சிரிப்பும் கேட்டன.

"அய்யம்மா, தொவரம்பருப்பு எங்க இருக்கு?"

"ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள் அவள்.

"பதினாலு."

"பதினாலா? அப்ப வீட்டு ஆளு கையிலதான் இருக்கும், பாருங்க."

ஆண்டிச்சாமி மடியில் வைத்திருந்த பருப்பு டப்பாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லயே, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன், நீ பேசிக்கிட்டே இரு" என்றார்.